முட்டுச்சந்தில் ஓர் அமெரிக்கக் கார்

ஓய்வு பெற்ற பிறகு ஆண்கள் என்னென்னவோ ஆகிறார்கள். சிலர் கோயில் கமிட்டியில் சேருகிறார்கள், சிலர் சர்க்கரை அளவைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. நான் பழைய அமெரிக்கக் கார் விளம்பரம் பார்க்கிறவன் ஆனேன். காலையில் பல் தேய்க்கும் முன்பே போனை எடுத்துவிடுவேன். 'விற்பனைக்கு. சரிசெய்து ஓட்ட ஆர்வமுள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்' என்று போட்டிருக்கும். அந்த 'மட்டும்' என்னைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குத் தோன்றும்.

இந்த விளம்பரங்களுக்கென்று தனியாக ஒரு தமிழ் உண்டு. 'சின்னச் சின்ன வேலை இருக்கு' என்றால் வண்டிக்கு அடித்தரை இருக்காது. 'இன்ஜின் ஃப்ரீயா சுத்துது' என்றால் சுற்றுவதைத் தவிர அது வேறு ஒன்றும் செய்யாது. 'ரொம்ப வருசமா ஷெட்லயே நின்ன வண்டி' என்றால் உள்ளே எலி குட்டி போட்டிருக்கிறது. 'அப்பா வச்சிருந்தது, விக்க மனசில்ல' என்றால் இடத்தை அடைக்கிறது, யாராவது வந்து தொலையுங்கள் என்று அர்த்தம். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது ஒவ்வொரு எழுத்தையும் நம்பினேன். சர்வீஸ் முழுக்க அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்த மனுவையெல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். என்னை ஒரு பயலும் ஏமாற்ற முடியாது என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை மார்தட்டியிருக்கிறேன்.

ஏன் அமெரிக்கக் கார் என்று கேட்பார்கள். பெரிசாக இருக்கும், அதுதான் காரணம். வேறு ஏதாவது சொன்னால் பொய். வாழ்நாள் பூராவும் சின்னக் குவார்ட்டர்ஸில் இருந்து, சின்ன ஸ்கூட்டரில் போய், சின்ன மேஜையில் உட்கார்ந்து எழுந்தவனுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பெரிய சாமான் வேண்டும் என்று இருந்தது. தெருவில் போகிறவன் நின்று பார்க்க வேண்டும்.

வண்டி தூத்துக்குடியில் இருந்தது. உப்பளம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பழைய கொட்டகை. தார்ப்பாயை எடுத்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முன்பக்கம் பூராவும் குரோமியம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரித் தூக்கி நின்ற தகடு. கதவைத் திறந்தால் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போன்ற சீட்டு. கீழே குனிந்து பார்க்கவில்லை. எனக்கு முழங்கால் வலி. உப்புக்காற்றில் அத்தனை வருடம் நின்ற இரும்பைக் குனிந்து பார்க்காமல் வாங்குகிறவன் திருநெல்வேலிச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.

ஆனால் அளக்காமல் வாங்கினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டு முற்றத்தை டேப் பிடித்து அளந்தேன். நீளம் சரியாக இருந்தது. கேட்டை அளந்தேன். அகலமும் சரியாக இருந்தது. நான் அளக்காதது தெருவை. எங்கள் வீடு தச்சநல்லூரில் ஒரு முட்டுச்சந்தின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம்தான் வழி. எங்கள் வீட்டைத் தாண்டி இன்னும் பத்துப் பதினைந்து வீடுகள், அதோடு தெரு முடிந்துவிடும். அவ்வளவு நீளமான வண்டி அந்தக் குறுகின தெருவில் கேட்டைப் பார்த்துத் திரும்பவே திரும்பாது. ஏற்றி வந்த லாரிக்காரர் வண்டியைத் தெருவில் இறக்கினார். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினோம். மூக்கு என் சுவரில் இடித்தது. பின்னால் தள்ளினால் வால் எதிர்வீட்டுச் சுவரில் இடித்தது. அப்படியே நேராக விட்டுவிட்டு லாரிக்காரர் போய்விட்டார். தூத்துக்குடியிலிருந்து வந்த களைப்போ என்னவோ, இரண்டாம் நாளே பிரேக்கும் இறுகிப்போய்ச் சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுவத்தை இடிச்சா வண்டி உள்ள வந்துரும்லா" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. காம்பவுண்டுச் சுவரில் பாதியை எடுத்துவிட்டால் வண்டியை அப்படியே பக்கவாட்டில் இழுத்து முற்றத்தில் விட்டுவிடலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. சுவரை இடித்தால் அளந்தது தப்பு என்று தெருவுக்கே தெரிந்துபோகும் இல்லையா. ஏதோ தெருவுக்கு அதுவரை தெரியாதது மாதிரி.

"பேட்டைல இருந்து மெக்கானிக் வாரான். வந்து ஓட வச்சிருவான். ஒரு வாரம்" என்றேன்.

பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். "அண்ணாச்சி, இதை இங்கன வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பட்டறைக்குக் கொண்டாங்க, பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைப்பேன். காலேஜ் பிள்ளைகள் வந்து அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். டவுணிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "யாரு வண்டி?" என்று கேட்பார்கள், நான் கேட்காத மாதிரி நின்று, இரண்டாம் தடவை கேட்ட பிறகு "நம்மளதுதான்" என்பேன். அதே நேரத்தில் உள்பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டிய கேஸ் சிலிண்டரை ஆள் என் வீட்டு முன்னால் இறக்கி உருட்டிக்கொண்டு போவான். ஆட்டோ உள்ளே போகாது. வண்டிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஒரு பைக் நுழையும், அதுவும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு. ஒருவர்கூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "பரவால்ல அண்ணாச்சி, எடுக்கும்போது எடுங்க" என்றார்கள். சண்டை போட்டிருந்தால் எனக்கும் ரோஷம் வந்து ஏதாவது செய்திருப்பேன்.

தெருவின் கடைசி வீட்டில் ஜவுளிக்கடை அண்ணாச்சி இருக்கிறார். டவுண் ரத வீதியில் ஒரு பெரிய கடையில் சேலை விரித்துக் காட்டியே தலை நரைத்தவர். கடைக்காரர் வேறு ஒருவர். ஆனாலும் எங்களுக்கு இவர்தான் ஜவுளிக்கடை அண்ணாச்சி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்ததிலிருந்து படுக்கைதான். பிள்ளைகள் வெளியூரில். மதினிதான், அதாவது அவர் சம்சாரம்தான், எல்லாம் பார்க்கிறாள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவரை நாலு பேராகத் தூக்கி வாசலில் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சப்பரம் தெருக்கடைசி வரை வந்து திரும்பும். ஒவ்வொரு வாசலிலும் நின்று தேங்காய் உடைத்துப் போகும். கோயிலுக்கு வர முடியாதவர்களைச் சாமியே வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்பது எங்கள் தெருக் கணக்கு. அந்த ஒரு நாளுக்காக அவர் பங்குனியிலிருந்தே மதினியிடம் நாள் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய அன்று கோயில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்வே, கொடைக்கு முன்ன இதை எடுத்திருவீருல்லா? சப்பரம் போகணும்."

"எடுத்திருவேன் அண்ணாச்சி."

"கடைசி வீட்டுக்காரரு காத்துக் கிடப்பாரு, பாத்துக்கிடும்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மதுரையிலிருந்து கிரேன் வைத்த லாரி ஒன்றை ஏற்பாடு செய்தேன். கொடைக்கு முந்தின நாள் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. கொடையன்று காலையில் போன் செய்தால், "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்றான். மத்தியானம் "கங்கைகொண்டான் தாண்டிட்டேன்" என்றான். கங்கைகொண்டானிலிருந்து தச்சநல்லூருக்கு ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வந்தால்கூட அந்நேரம் வந்து சேர்ந்திருக்கலாம். பிறகு போன் அணைந்துவிட்டது. என் மனைவி அன்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சுவரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு தடவையும் அவளிடம் எரிந்து விழுந்தேன். நல்ல நாளும் அதுவுமாக வீட்டை இடிக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் தேங்காய்த் தட்டை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நையாண்டி மேளம் தெருமுனையில் கேட்டது. ஜனங்கள் வாசல்களில் தட்டோடு நின்றார்கள். வடம் பிடித்துச் சப்பரத்தை இழுத்து வந்தார்கள். அது நாலு சக்கரம் வைத்த சப்பரம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சாண் சாண் இடம் விட்டுத்தான் போகும். என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது.

முதலில் ஆளாளுக்கு வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. அப்படியே நகர்ந்தாலும் தெருவில் எங்கே கொண்டுபோய் வைப்பது? தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் பம்பரைப் பிடித்து இழுத்ததில் அது கையோடு வந்துவிட்டது. அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு அமெரிக்கக் காரின் பம்பரை மார்போடு அணைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"இங்கன வரைக்கும் வந்தாச்சு. இப்படியே திரும்பிருவோம்" என்றார் தலைவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து தட்டுகள் காத்திருந்தன. வண்டியைத் தாண்டித் தெருக்கடைசியில், வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றி நிறையத் திருநீறும் புது வேட்டியுமாக ஜவுளிக்கடை அண்ணாச்சி தலையைச் சாய்த்துச் சாய்த்து எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "அவரைத் தூக்கிட்டு வந்திருவமா?" என்று யாரோ கேட்டார்கள். "அவ்வளவு தூரம் தூக்குனா இடுப்பு தாங்காது" என்று மதினி அங்கிருந்தே கையை ஆட்டினாள். மேளம் நின்றுபோயிருந்தது.

அப்போது என் மனைவி வீட்டுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"நீங்க இடிக்கியளா, நான் இடிக்கட்டா?"

பம்பரைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கினேன். நான் கூடவே நின்று கட்டிய சுவர். முதல் அடியில் வெறும் காரைதான் பெயர்ந்தது. இன்னும் இரண்டு கடப்பாரை வந்தது, வாலிபர்கள் வந்தார்கள். மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, நான் ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ஒரு தட்டுத் தட்டினார். சாமிக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து, மேளத்துக்கு ஏற்றபடி என் வீட்டுச் சுவரை நானே இடித்தேன். நான் நினைத்ததைவிட நல்ல சுவர் அது, சீக்கிரம் விழவில்லை. விழுந்த பிறகு கல்லை ஒதுக்கி, அதே வடக்கயிற்றை அவிழ்த்து வண்டியில் கட்டி, தெருவே சேர்ந்து இழுத்தது. வண்டி கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டு, என் மனைவியின் கனகாம்பரப் பாத்தி மேல் ஏறி முற்றத்தில் போய் நின்றது. மொத்தமே கொஞ்ச நேர வேலை. அதை நான் மூன்று மாதமாகச் செய்யாமல் வைத்திருந்தேன்.

மறுபடியும் வடம் கட்டினார்கள். சப்பரம் கிளம்பி என் வாசலைக் கடந்து போனது. தலையிலும் மீசையிலும் செங்கல் தூசியோடு உடைந்த சுவருக்கு உள்ளே நின்றிருந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கும்பிட்டேன், ஆனால் தலையைத் தூக்கவில்லை. என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டேன்.

பிறகு கடைசி ஆளாகப் பின்னால் போனேன். சப்பரம் ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"அம்புட்டு நேரம் உக்காந்திருந்தாவ. முடியல, வலியில அழுதுட்டாவ. இப்பத்தான் உள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சோம்" என்று மதினி பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கிக் கொண்டுவருகிறோம் என்று இரண்டு பேர் முன்வந்தார்கள். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. "வேண்டாம், பைய போங்க. சாமியை நிப்பாட்டாதிய." பூசாரி தேங்காயை உடைத்து மதினியிடம் திருநீறு கொடுத்தார். அவள் திரும்பும்போது என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் தம்பி" என்றாள்.

அதற்குப் பிறகு பல நாள் நான் தெருவின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கொத்தனாரை வைத்துச் சுவரை எடுத்துக் கட்டினேன்; வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது, அது வேறு கதை. நானும் ஒரு விளம்பரம் போட்டேன். தரை இல்லை, பிரேக் இல்லை, பம்பர் தனியாக இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

"ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க. எத்தன நாளைக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருப்பிய?" என்று மனைவி சொல்லிச் சொல்லி, ஒருநாள் சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, உக்காருங்க. சுவரு நல்லாக் கட்டியாச்சா?" என்று கேட்டார். குத்தலே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதை விடுங்க. சப்பரம் உங்க வாசல்லதான அம்புட்டு நேரம் நின்னுச்சு. பக்கத்துல நின்னு நல்லாப் பாத்திருப்பியள்லா? அம்பாளுக்கு என்ன கலர் பட்டு சாத்தியிருந்தாவ? இவ சொன்னா. இருந்தாலும் நீங்க சொல்லுங்க, கேப்போம்."

அத்தனை நேரம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் சாமி நின்றது. நான் வண்டியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், ஜனங்களின் முகத்தைப் பார்த்தேன், என் காலைப் பார்த்தேன். சாமியை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு" என்றேன்.

மதினி அடுப்படி வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றுவிட்டாள். அண்ணாச்சி அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆமா, சிவப்பு. இவளும் அதான் சொன்னா. அம்பாளுக்குச் சிவப்பு நல்லாத்தான் இருந்திருக்கும்."

காப்பியைக் குடித்தேன். ஆரஞ்சைக் கொடுத்தேன். இன்னும் ஏதேதோ பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன், கொடையன்று சப்பரத்தில் அம்மனுக்கு என்ன நிறத்தில் சேலை என்று.

"பச்சை. நல்லாக் கிளிப்பச்சை, மஞ்சள் கரை. ஏன், நீங்க பாக்கலியா?"

ஆயுசு முழுக்கச் சேலையின் நிறத்தைச் சொல்லியே பிழைத்த மனுசர், என் முகம் வாடக்கூடாது என்று பச்சையைச் சிவப்பு என்றிருக்கிறார். அவர் தெரிந்துதான் சொன்னார் என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மறுபடி அவர் வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை.